கழிதலும் கழித்தலும்

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை நாம் அனைவரும் பள்ளியில் படித்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். அவற்றைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த எனக்கே அப்பாடத்தை மீண்டும் நினைவூட்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவள். விடுமுறைக்கு ஊர் வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். "பொழுத எப்படிங்க டீச்சர் கழிக்கிறீங்க?" என்று கேட்டாள். "அது பாட்டுக்குக் கழியுது கண்ணு" என்றேன். அவள் சென்ற பிறகுதான் கவனித்தேன். அவள் பிறவினையில் கேட்டாள். நான் தன்வினையில் விடை சொல்லியிருந்தேன். கேட்ட கேள்விக்கு அது விடையன்று.

கழி என்னும் பகுதி ஒன்றே. கழிந்தது, கழிகிறது, கழியும் என வருங்கால் தன்வினை. கழித்தான், கழிக்கிறான், கழிப்பான் என வருங்கால் பிறவினை. முன்னதில் காலமே எழுவாய். பின்னதில் காலம் செயப்படுபொருள், எழுவாய் நாம். சென்றது, செலுத்தினான், போயிற்று, போக்கினான், நிகழ்ந்தது, நிகழ்த்தினான், உதிர்ந்தது, உதிர்த்தான் என்பனவும் இவ்வாறே இணையிணையாக வருவன. பொழுதுபோக்கு என்னும் சொல்லில் உள்ள போக்கு பிறவினையே. தானாகப் போகாத பொழுதை நாம் பிடித்துத் தள்ளுகிறோம் என்பது அதன் பொருள்.

காலம் செல்வதைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. செல்லுதல், போதல், கடத்தல், ஓடுதல், நகர்தல், உருளுதல் ஆகியவை கழிதலுக்கு நெருங்கிய சொற்கள். எனினும் ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் சற்றே சாயும். 'சென்ற வாரம்' என்பதில் விருப்பு வெறுப்பு இல்லை. 'ஆண்டுகள் உருண்டன' என்பதில் விரைவு உண்டு. 'நாளைக் கடத்துகிறான்' என்றால் வேண்டுமென்றே தாமதம் செய்கிறான். 'காலந்தள்ளுகிறாள்' என்றால் வருமானம் போதாமல் வருந்துகிறாள். திருப்பூர்ப் பக்கத்தில் 'இன்றைக்கு ஒன்றரை ஷிப்டு ஓடியது' என்பர்; அங்கே கூலியும் காலமும் ஒரே அளவுகோலில் அளக்கப்படுகின்றன. காலட்சேபம் என்னும் வடசொல்லும் காலத்தைப் போக்குதல் என்றே பொருள்படும். வயிற்றுப்பாட்டுக்கும் அச்சொல்தான், அறக்கதை கேட்பதற்கும் அச்சொல்தான்.

இறத்தல் என்னும் சொல்லைத் தனியே சொல்லவேண்டும். இறந்த காலம் என்றால் செத்துப்போன காலம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர்; ஆசிரியர் சிலரும் அவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறேன். இறத்தல் என்பதன் பழம்பொருள் கடத்தல், எல்லையைத் தாண்டுதல் என்பதாம். அதனாலேயே கடந்ததை இறப்பு என்றும், நடப்பதை நிகழ்வு என்றும், வருவதை எதிர்வு என்றும் இலக்கண நூலார் வழங்கினர். உயிர் உடலைக் கடந்து சென்றதை இறந்தது என்றது பின்னர் நிலைத்த வழக்கு. 'காலமானார்' என்பதோ இதற்கு நேர்மாறான போக்கில் அமைந்த மங்கல வழக்கு. காலம் மனிதரைக் கடப்பதாகச் சொல்லாமல் மனிதரே காலமாகிவிட்டதாகச் சொல்கிறது.

இனி எதிர்ச்சொல். கழிதலுக்கு எதிர்ச்சொல் யாது? கணக்குப் பாடத்தில் கழித்தலுக்கு எதிர் கூட்டல். காலத்தைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தாது. கழித்த நாளைக் கூட்டித் தருவார் இல்லை. நிற்றல், தங்குதல், வருதல் என்பன இடத்துக்கேற்ப எதிராகும். வியப்பு என்னவென்றால், கழி என்னும் சொல்லே தனக்கு எதிர்ப்பொருளும் தருகிறது. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்னும் ஆறும் மிகுதி என்னும் பொருள் தரும் உரிச்சொற்கள் என்று நன்னூல் கூறுகிறது. கழிபேருவகை என்றால் மிகப்பெரிய மகிழ்ச்சி. மகிழ்ச்சி கழிந்துபோயிற்று என்பதன்று. குறைவதற்கும் மிகுவதற்கும் ஒரே சொல் எவ்வாறு வந்தது? இரண்டிலும் அளவைத் தாண்டிச் செல்லுதல் என்னும் கருத்து இருக்கிறது என்று நான் கொள்கிறேன்.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். சீயகங்கன் வேண்ட அந்நூலை இயற்றினார். நம் கொங்கு நாட்டுச் சீனாபுரமே அவரது ஊர் என்பர். சொற்பொருளை மனப்பாடம் செய்யச் சூடாமணி நிகண்டைத் தந்த மண்டல புருடரும் சமணரே. அதன் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்து எதுகை வரிசையில் தருவது. அகரவரிசை அகராதிகள் பரவுவதற்கு முன், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவே அகராதி.

'கழித்து' என்னும் வினையெச்சம் பேச்சில் 'பிறகு' என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. 'வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பத்து நாள் கழித்து நாற்று நட்டார்கள்' என்றால் எவரும் எதையும் கழிக்கவில்லை. பத்து நாளுக்குப் பிறகு என்பதே பொருள். உடுமலையிலிருந்து சின்னாறு தாண்டி மறையூர் சென்றால் 'கழிஞ்ஞு' என்பது முடிந்தது என்று பொருள்படும். அங்கே உண்பதும் 'கழிக்குக' தான். நம் பக்கத்திலோ கழிவு என்றால் வேண்டாதது. அச்சொல்லுக்கு நீங்கிப்போனது என்பதே நேர்ப்பொருள். ஆனால் சாயக்கழிவு நீங்கிப்போகவில்லை. நொய்யலில் தேங்கி நின்றது. 2011-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது நின்றது. இது இடையில் வந்த செய்தி, பாடத்துக்குத் திரும்புவோம்.

'காலம் கழிகிறது' என்பது நம் சித்தாந்தப்படி சரியான தொடரா? காலம் ஆறு திரவியங்களுள் ஒன்று. உலகாகாயத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒவ்வொரு காலாணு, மணிக்குவியலில் மணிகள் போல ஒன்றோடொன்று கலவாமல், இடம்பெயராமல் இருக்கிறது என்பது திகம்பர ஆசிரியர் கொள்கை. குயவனது சக்கரம் சுழல அதன் அடியில் உள்ள கல் துணையாவது போல, பொருள்கள் மாறுதலடையக் காலம் துணையாகிறது. அது எதையும் தள்ளுவதில்லை. ஆதலின் காலம் ஓடுகிறது, கழிகிறது என்பன வியவகார வழக்கு. உண்மையில் கணந்தோறும் கழிவது நம் ஆயுள் வினை. 'ஆயுள் கழிகிறது' என்று சொன்னால் எந்தப் பண்டிதரும் மறுக்கமாட்டார்.

தன்வினை, பிறவினைப் பாடம் பயன்படும் இடம் இதுவே. கட்டுண்ட வினை உயிரை விட்டு நீங்குவதை நிர்ஜரை என்றும், தமிழில் உதிர்ப்பு என்றும் கூறுகிறோம். அது இருவகை. வினை தன் காலம் வந்ததும் பயன் தந்து தானே நீங்குவது சவிபாகம். தவத்தால் காலம் வருமுன்னரே நீக்குவது அவிபாகம். மாங்காய் மரத்திலேயே பழுத்து விழுவதையும், வைக்கோலில் வைத்துப் பழுக்கச் செய்வதையும் உவமையாகக் காட்டுவர். முன்னது எல்லா உயிர்க்கும் ஒவ்வொரு கணமும் நடப்பது; புழுவுக்கும் அது உண்டு. வினை கழிகிறது, அவ்வளவே. கழியும்போதே விருப்பாலும் வெறுப்பாலும் புதியது வந்து கட்டுகிறது. பின்னதில்தான் வினையை உயிர் கழிக்கிறது. உதிர்வு தன்வினைப் பெயர், உதிர்ப்பு பிறவினைப் பெயர். நம் முன்னோர் 'உதிர்வு' என்னாமல் 'உதிர்ப்பு' என்று பெயரிட்டதைக் காண்க.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் உள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறுகிறது. அங்கே வரும் வினைச்சொல் 'நோற்ற' என்பது. ஐம்பத்தேழு நாளும் கழிந்தன என்றும் அக்கல்வெட்டு கூறவில்லை. அவற்றை அவர் கழித்தார் என்றும் கூறவில்லை. காலத்தோடு வரும் வினைகளுள் நோற்றலைப் போல் மற்றொன்றை நான் அறியேன்.

என்னை வருத்திய விடைக்கு வருகிறேன். அந்தப் பெண் அடுத்த முறை வந்து கேட்டால் பிறவினையில் சொல்ல ஏதேனும் இருக்கவேண்டும் என்று, காலையில் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, நாற்பத்தெட்டு நிமிடம், சாமாயிகத்துக்கு அமரத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாட்களில் கடிகாரத்தைப் பலமுறை பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கும்வரை அதுவும் கழிதல்தான்.

பிள்ளைகளுக்குச் சிறு பயிற்சி:

1. 'மழைக்காலத் திங்கள் நான்கையும் முனிவர் ஓரூரிலேயே ______.' (கழிந்தனர், கழித்தனர்) பொருந்துவது எது? மற்றது ஏன் பிழை?

2. 'கழிபெருந்துயர்', 'கழிந்த துயர்' இரண்டுக்கும் பொருள் வேறுபாடு எழுதுக.

3. 'வரம்பிறந்து பேசினான்' என்பதில் இறந்து என்பதன் பொருள் என்ன?

4. 'தாத்தாவுக்குப் பொழுது போகிறது.' இதனைப் பிறவினையாக மாற்றுக. மாற்றிய பின் தாத்தாவிடம் படித்துக் காட்டுக.

விடைகள் அடுத்த இதழில்.