லீவு விட்டாச்சு... படிப்பையும் விடலாமா?



சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளின் புத்தகப் பை மூலைக்குப் போய்விடுகிறது. மே மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். பரீட்சை நேரத்தில் தட்டுத்தடுமாறி வாசித்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, பள்ளி திறக்கும்போது மறுபடியும் எழுத்துக் கூட்டத் திணறுகிறது. அது பிள்ளையின் மந்தம் அல்ல. எடுத்துப் புழங்காத அரிவாள் துருப்பிடிப்பது போலத்தான். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பில் பேசாமல் பின்னால் உட்கார ஆரம்பிக்கிறது. 'எனக்குப் படிப்பு வராது' என்று தானே முடிவு கட்டிவிடுகிறது. இதைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

நம்ம மாவட்டம் கண்ட பாடம்

1991-92இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்த பெண்கள் மாலையில் சிலேட்டு பிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அவர்களில் பலர் இன்று அம்மாச்சி, அப்பத்தா ஆகிவிட்டார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து வாசித்தவர்களுக்கு எழுத்து நின்றது. விட்டவர்களில் சிலருக்குக் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். பெரியவர்களுக்கே இப்படி என்றால் ஆறு வயசுப் பிள்ளைக்கு?

கொரோனா காலத்தையும் நாம் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்களே.

"எனக்கே தெரியாதே!"

இதைக் கூட்டத்தில் பேசினால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "நானே கைநாட்டு. நான் என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்?"

எழுத்து தெரியாவிட்டாலும் கணக்குத் தெரியும், கதை தெரியும், நாலு இடம் போய் வந்த அனுபவம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு அதுவே பாதிப் பாடம். தினமும் அரை மணி நேரம் போதும்.

1. கதையும் பேச்சும்: ராத்திரி படுக்கும்போது ஒரு கதை சொல்லுங்கள். மறுநாள் அதே கதையைப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். கோர்வையாகப் பேசப் பழகும் பிள்ளைக்கு வாசிப்பதும் எளிதாகிறது.

2. பல்லாங்குழி: ஒரு பக்கம் 7 குழி, இரண்டு பக்கமும் 14. குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் மொத்தம் 70. கூட்டல், பிரித்துப் போடுதல் எல்லாம் விளையாட்டிலேயே வந்துவிடும்.

3. கோலம்: 5 புள்ளி, 5 வரிசை. மொத்தம் எத்தனை புள்ளி? முதலில் பிள்ளை எண்ணட்டும். வாய்ப்பாடு பிறகு தானாக வரும்.

4. பஸ் பயணம்: லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போகும்போது பஸ் போர்டைக் காட்டுங்கள். "கீரனூர்னு எழுதியிருக்கு, இதுல 'கீ' எது?" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளை உங்களுக்குக் கற்றுத் தரட்டும். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு நன்றாகப் பதியும்.

5. சேமிப்புப் புத்தகம்: வாரம் 50 ரூபாய் என்றால் நாலு வாரத்துக்கு எவ்வளவு? மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டச் சொல்லுங்கள். நம் கணக்கும் சரிபார்த்ததாக ஆகும்.

6. நம்ம ஊர்க் கோவில்: குன்றைக் குடைந்து செய்த கோவிலையும், குதிரையும் சக்கரமும் வைத்துத் தேர் போலக் கட்டிய மண்டபத்தையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோமா? நூற்றுக்கால் மண்டபத்தில் தூண் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் குதிரையைப் படம் வரையட்டும்.

இன்னொன்று: பழைய பாடப் புத்தகத்தைப் பள்ளி திறப்பதற்கு முன் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க அதுவே போதும்.

கவனிக்க வேண்டியவை

வீட்டைப் பள்ளிக்கூடம் ஆக்கிவிடக் கூடாது. தப்பாகச் சொன்னால் குட்டுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது வேண்டாம். லீவில் பிள்ளை ஓடியாடி விளையாடவும் வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லீவு விட்டதும் கைக்குழந்தையைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, ஆடு மேய்ப்பது எல்லாம் அவள் தலையில் விழுகிறது. தம்பி விளையாடப் போகிறான். அந்த அரை மணி நேரம் அவளுக்கும் உண்டு. கூடமாட உதவி செய்யட்டும், ஆனால் நம் வேலை முழுவதையும் அவள் சுமக்கக் கூடாது.

குழுவாகச் செய்யலாம்

வேலைக்குப் போய்விட்டு வந்து தனியாகச் செய்வது கஷ்டம்தான். சின்னப் பிள்ளை உள்ள ஐந்து உறுப்பினர்கள் சேர்ந்தால் ஆளுக்கு வாரம் ஒரு மாலை போதும். மரத்தடியில் ஒரு மணி நேரம். படித்த ஒரு பெண்ணை வாசித்துக் காட்டச் சொல்லலாம். அறிவொளியில் படித்த பாட்டிமார்களைக் கதை சொல்லக் கூப்பிடலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

• நம் குழுவில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?
• போன லீவில் அவர்கள் நேரம் எப்படிப் போனது? பெண் பிள்ளைகளுக்கு எப்படிப் போனது?
• யார் எந்தக் கிழமை பார்த்துக்கொள்வது?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கடனுக்குத் தவணை தவறாத நாம், பிள்ளைக்கான அரை மணி நேரத்தையும் தவற விட வேண்டாம்.