கொல்லிமலை ஏறுறதுக்கு முன்னாடி, தங்கச்சி

காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு. உன் சூப்பர் மீட்டியோர் 650-ஓட எடை 241 கிலோ. எடையைப் பத்தி எனக்குக் கவலை இல்ல, வண்டி உருள ஆரம்பிச்சா அது தெரியாது. யோசிக்க வேண்டியது அதோட தாழ்வைப் பத்திதான். தரையிலிருந்து 135 மி.மீ. இடைவெளிதான், ஃபுட்ரெஸ்ட்டும் முன்னால தள்ளி தாழ்வா நீட்டிக்கிட்டு இருக்கு. ஸ்போர்ட்ஸ் பைக்ல டயரோட பிடி தீர்ற வரைக்கும் சாய்க்கலாம். க்ரூசர்ல டயர் நல்லா பிடிச்சிட்டு இருக்கும்போதே இரும்பு ரோட்டைத் தொட்டுடும். நிறைய க்ரூசர்கள் 30 டிகிரியை ஒட்டியே உரச ஆரம்பிச்சிடும்.

10 மீட்டர் ஆரம் உள்ள வளைவுன்னு வெச்சுக்கோ. 20 கி.மீ. வேகத்துல திரும்பினா சுமார் 18 டிகிரி சாய்வு போதும். 30-ல போனா 35 டிகிரி வேணும். கூட்டினது 10 கி.மீ.தான், தேவைப்படுற சாய்வு ரெண்டு மடங்கு. யூடியூப்ல முழங்காலை ரோட்டுல தேய்க்கிற பசங்களைப் பார்த்துட்டுக் கிளம்பாதேடி, அது வேற வண்டி, வேற ரோடு.

அதனால வேகத்தை வளைவுக்கு முன்னாடியே, வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே குறைச்சுடு. கியரையும் அங்கேயே மாத்திடு. அப்புறம் இடது பக்கம் திரும்பணும்னா இடது ஹேண்டில்பாரை லேசா முன்னால தள்ளு, வண்டி தானா இடது பக்கம் சாயும். பார்வை முன் சக்கரத்துல இருக்கக் கூடாது, வளைவு முடியுற இடத்துல இருக்கணும். நெஞ்சையும் தலையையும் வளைவோட உள்பக்கம் கொஞ்சம் கொண்டு போ. உன் உடம்பு உள்ள போற அளவுக்கு வண்டி குறைவா சாய்ஞ்சா போதும். ஆக்சிலேட்டரை ஒரே சீரா பிடிச்சுக்கோ.

உரசுற சத்தம் கேட்டா பதறாதே. முதல்ல தொடுறது பெரும்பாலும் ஃபுட்ரெஸ்ட்தான், அது மடங்கிக் கொடுக்கும். அந்த நேரம் ஆக்சிலேட்டரைப் பட்டுனு விட்டா சஸ்பென்ஷன் அமுங்கி இன்னும் அழுத்தமா உரசும். உடம்பை இன்னும் உள்ள சாய்ச்சு, வண்டியை மெதுவா நிமிர்த்து. அதையும் மீறிச் சாய்ச்சா சைலன்சரோ சட்டமோ தரையில ஊன்றி, சக்கரத்தையே தூக்கிடும்.

வலது வளைவுல ஒரு சிக்கல் இருக்கு. சக்கரம் நம்ம பக்கத்துலயே இருந்தாலும், சாயும்போது தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ல வர்ற பஸ் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். அதனால நடுக்கோட்டை ஒட்டிப் போகாதே. இடது கொண்டை ஊசி நமக்கு உள்வட்டம், ரொம்பக் குறுகல். ஏறும்போது முதல் கியர்ல, கொஞ்சம் வெளியே தள்ளி வந்து, தாமதமா திரும்பு. இறங்கும்போது கியர்லயே இறங்கு, நியூட்ரல் பேச்சே வேண்டாம்.

பின்னால ஆள் ஏறினா வண்டி இன்னும் தாழும், சீக்கிரமே உரசும். பின் ஷாக் அப்சார்பரைக் கிளம்புறதுக்கு முன்னாடியே ஓரிரண்டு படி இறுக்கிடு.

மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலி மைதானத்துல எட்டு போடு. லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டுதான். பாதி கிளட்ச், பின் பிரேக்ல லேசா கால், முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடிச்சா 241 கிலோவும் உன் மேலதான் சாயும்.