வசூல் ஏஜென்சிக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்?

கேள்வி: ஐயா, என் கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். 2023இல் தனியார் வங்கி ஒன்றில் கடன் போட்டு லோடு ஆட்டோ எடுத்தோம். கொழுந்தனார் ஓட்டினார். ஓட்டம் குறைந்து நான்கு தவணை நின்றுவிட்டது. போன ஆண்டு புரட்டாசியில், கணவர் வெளியூர் போயிருந்தபோது, இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை. “அரசு அங்கீகாரம் பெற்ற வசூல் நிறுவனம்” என்றார்கள். தெருவே வேடிக்கை பார்க்கக் கண்டபடி பேசினார்கள். கொழுந்தனாரிடம் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கி வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். பத்து மாதம் ஆகிறது. வண்டியை விற்றுவிட்டதாகவும், இன்னும் பாக்கி இருப்பதாகவும் இப்போது போன் வருகிறது. இந்த ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது யார்? அதை ரத்து செய்ய யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அத்திப்பட்டு

பதில்: ரத்து செய்ய அங்கே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை, சகோதரி. வங்கிக்காகக் கடன் வசூலிக்கும் தனியார் ஏஜென்சிக்கு மத்திய அரசோ மாநில அரசோ உரிமம் வழங்கும் முறை நம் நாட்டில் கிடையாது. ரிசர்வ் வங்கியும் ஏஜென்சிக்கு நேரடியாக அங்கீகாரம் தருவதில்லை. நம் ஊரில் அப்படி ஒரு வாசல் இல்லாததால், நீங்கள் கலெக்டர் ஆபீஸ் படியேறினாலும் மனு சுற்றிச் சுற்றித்தான் வரும்.

உங்கள் வழக்கு நிற்கும் இடம் வேறு. ஏஜென்சி செய்தது வங்கி செய்ததாகவே ஆகும். வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது என்பதுதான் ரிசர்வ் வங்கியின் நிலை. 2022 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் டிராக்டர் கடன் வசூலின்போது கர்ப்பிணி ஒருவர் வண்டி ஏறி இறந்தார். ரிசர்வ் வங்கி ஏஜென்சியைத் தேடிப் போகவில்லை. கடன் கொடுத்த மஹிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனத்தையே, வெளி ஏஜென்ட்களை வைத்து வசூலிக்கக் கூடாது என்று தடுத்தது. 2023 ஜனவரியில்தான் தடை நீங்கியது. ஆகவே உங்கள் புகாரில் எதிர்தரப்பு வங்கி. ஏஜென்சியின் பெயர் புகாரின் உள்ளே ஒரு வரியாக வந்தால் போதும்.

அந்த அட்டையின் செல்போன் படத்தை அனுப்பியிருக்கிறீர்கள். ஆள் பெயர் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது, ஏஜென்சியின் போன் நம்பர் இருக்கிறது. எந்த வங்கிக்காக வந்தார் என்பது மட்டும் இல்லை. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதித்த நெறிமுறைப்படி, எந்த ஏஜென்சியிடம் வசூலை ஒப்படைத்திருக்கிறது என்று வங்கி முன்கூட்டியே கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். வரும் ஆள் அந்த அறிவிப்பின் நகல், வங்கியின் அதிகாரக் கடிதம், அடையாள அட்டை மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். மும்பையில் உள்ள இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் நடத்தும் கடன் வசூல் முகவர் (டி.ஆர்.ஏ.) பயிற்சியில் அவர் தேறியிருக்க வேண்டும். சாதாரணமாக 100 மணி நேரம், பட்டதாரிக்கு 50. அவர்கள் ‘அங்கீகாரம்’ என்றது இந்தச் சான்றிதழாக இருக்கலாம். அது ஒருவர் பாடம் படித்ததற்கான அத்தாட்சி, வீட்டு வாசலில் ஏறி நிற்க அனுமதிச் சீட்டு அல்ல. கோர்ட் அமீனா வேறு, இவர் வேறு. அட்டையில் சிங்க முத்திரை மாதிரி ஏதாவது இருந்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரசுச் சின்னத்தைக் கண்டவர் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம்.

ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொலைபேசியில்கூட அழைக்கக் கூடாது என்கிறது. பொது இடத்தில் அவமானப்படுத்துவதையும், குடும்பத்தாரின் அந்தரங்கத்தில் நுழைவதையும் அது தடுக்கிறது. ஒன்பது மணிக்கு வந்தது ஒன்றே போதும்.

இப்போது வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். கொழுந்தனார் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது? “ஏதோ தாள்” என்கிறீர்கள். இம்மாதிரி நேரத்தில் வாங்கப்படுவது பெரும்பாலும் ‘தவணை கட்ட இயலாததால் வண்டியை என் விருப்பத்தின்பேரில் ஒப்படைக்கிறேன்’ என்ற கடிதம். நாளைக்கு வங்கி நீட்டப்போவது அதைத்தான். கடனில் உள்ள வண்டியை, ஒப்பந்தத்தில் அதிகாரம் இருந்து நிதி நிறுவனம் எடுத்தால் அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது என்று 2020இல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அடியாட்களை வைத்துப் பலவந்தமாக எடுக்கக் கூடாது என்று 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கிலும், பிறகு 2011இல் சிட்டிகார்ப் மாருதி வழக்கிலும் சொல்லியிருப்பதும் அதே நீதிமன்றம்தான். எடுத்தார்களா என்பதில் தகராறு இல்லை, எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை! காவல் நிலையத்துக்குப் போனீர்கள், “சிவில் மேட்டர்” என்றார்கள், திரும்பி வந்துவிட்டீர்கள். புகார் கொடுத்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கத் தோன்றவில்லை. வங்கிக் கிளையில் இரண்டு முறை வாயால் சொன்னீர்களாம். வாயால் சொன்னதற்கு சீல் குத்தித் தருவார்களா? கடன் ஒப்பந்த நகல் உங்களிடம் இல்லை. வங்கியிலிருந்து வந்த பதிவுத் தபாலை “பயந்துபோய்” வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அது ஏலத்துக்கு முந்தைய கடைசி வாய்ப்பு நோட்டீஸாக இருந்திருந்தால், அனுப்பினோம், மறுத்துவிட்டார் என்று வங்கி சொல்லும், நீதிமன்றமும் பெரும்பாலும் ஏற்கும். தபாலை வாங்குவதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. மிரட்டல் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் “பார்க்கவே பிடிக்காமல்” அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சி அவைதான். வடசென்னைப் பக்கமிருந்து வரும் வண்டிக் கடன் கடிதங்களில் பாதி இதே கதைதான். வண்டி போன மறுநாள் வர வேண்டியவர்கள், விற்றபிறகும் பாக்கி என்று போன் வந்ததும் வருகிறார்கள்.

சரி, முடிந்ததைப் பேசிப் பயனில்லை. கெடு இன்னும் தாண்டவில்லை. முதலில் கணவர் பெயரில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார், மின்னஞ்சலிலும் ஒரு நகல். ஒப்பந்தம், அந்தத் தாள், ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், ஏல விவரம், விற்ற விலை, கணக்கு அறிக்கை எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்கும் முன் என்ன வாய்ப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது அதே 2008 நெறிமுறை. புகார் நிலுவையில் இருக்கும்போது, அது வீண் புகார் என்று வங்கிக்கு ஆதாரத்தோடு படாதவரை, அந்தக் கணக்கை ஏஜென்சியிடம் அனுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. போன் தொல்லை நிற்க இதுவே வழி.

30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021இல் வந்த திட்டம், கட்டணம் இல்லை. வழக்கறிஞரை வைத்து அங்கே புகார் போட முடியாது என்பது விதி. நானும் வழக்கறிஞர்தான், தொழில் போகிறதே என்று மறைக்கவில்லை. கணவர் வெளியூரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு நீங்களே போடலாம். போடும் அன்று நடப்பில் உள்ள கெடுவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, அதில் பத்து மாதத்தைத் தின்றுவிட்டீர்கள். லோடு ஆட்டோ வணிகத்துக்கு வாங்கியது என்று வங்கி அங்கே ஆட்சேபிக்கும். பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழில் என்றால் விலக்கு உண்டு. நீங்களோ உறவினரை வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், அது வாதத்துக்குரியது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதை இந்தப் பத்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரவில் வந்து மிரட்டியதற்கு நீங்களே நேரடிப் புகார்தாரர். காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். மறுத்தால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபால். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய கட்டாய வசூல் தடுப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கடன் கொடுத்தது வங்கி என்பதால், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நேரில் ஆவணங்களைப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

இந்த வாரமே பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் சிவில் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைக் கணவரோடு போய்ப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் அங்குள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. அட்டையின் படம், தவணை கட்டிய ரசீதுகள், வங்கிப் புத்தகம், திரும்பிப்போன தபாலின் விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கொழுந்தனாரையும் கூட்டிப் போங்கள், தாளில் இருந்ததை அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை ‘செட்டில்மென்ட்’ என்று யார் கூப்பிட்டாலும் பணமும் கட்ட வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம்.