காட்டுக் காரட்டும் அதன் நச்சு உறவும்

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பதை அஞ்சறைப் பெட்டியைத் திறப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. பூக்காம்புகள் குடைக்கம்பிகள்போல் ஓரிடத்தினின்று விரிவதே இக்குடும்பத்தின் அடையாளம்.

ஐரோப்பியச் சாலையோரங்களில் தானே முளைக்கும் காட்டுக் காரட்டும் இவ்வினத்ததே. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு டாக்கஸ் கரோட்டா எனப் பெயரிட்டார். பெரும்பாலும் முதலாண்டில் இலைகளை மட்டும் விட்டு வேரில் உணவைச் சேர்க்கும். மறு ஆண்டில் அதனைச் செலவிட்டுப் பூத்துக் காய்த்து மடியும். வெண்குடையின் நடுவில் சிலபோது கருஞ்சிவப்புப் பூ ஒன்று தோன்றும். காய் முதிருங்கால் குடை உட்குவிந்து குருவிக்கூடு போலாகும். முள்ளுள்ள காய்கள் விலங்குகளின் மயிரில் ஒட்டிப் பரவும்.

அச்சாலையோரத்திலேயே ஹெம்லாக்கும் வளர்கின்றது. கி.மு. 399-இல் சாக்ரட்டீஸ் பருகிய நஞ்சு இதுவே என்பர். பிளேட்டோவோ அதன் பெயரைக் கூறாது 'மருந்து' என்றே குறிக்கின்றார். இதிலுள்ள கோனைன் என்னும் பொருள் தசைகளை முடக்கி, இறுதியில் மூச்சை நிறுத்தும்.

இலையும் வெண்பூவும் கண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆதலின் தண்டை நோக்குக. காரட்டின் தண்டில் மயிருண்டு. ஹெம்லாக்கின் தண்டோ வழுவழுப்பாய்ச் செந்நீலப் புள்ளிகள் உடையது. காரட்டுப் பூங்குடையின் அடியில் பிளவுபட்ட நீண்ட செதில்களும் காணப்படும். ஆயினும் முதலாண்டுச் செடிக்கு உயர்ந்த தண்டுமில்லை, பூவுமில்லை. உண்பதற்கென வேர் தோண்டப்படுவதோ அவ்வாண்டிலேயாம்.