ஏரிக்கும் ஒரு நிதியாண்டு உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

வேடந்தாங்கல் ஏரிக்காக நீங்கள் எழுதிய நிதி விண்ணப்பத்தை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். கால அட்டவணைக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது.

ஜனவரி முதல் மார்ச் வரை தூர்வாரல் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மாதங்களில் ஏரியில் தண்ணீர் நிற்கும். நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். பொக்லைன் எங்கே இறங்கும்? கொடையாளரின் கணக்கு மார்ச் 31-இல் முடியலாம்; ஏரியின் கணக்கு வேறு. மே மாதம் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்வேலை முடிந்தாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தென்மாவட்ட ஏரி ஒன்றுக்கு நவம்பரில் பணம் வந்தது. கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. கோடை வரை அவகாசம் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். அவ்வளவு பணமும் கம்பிவேலியாகவும் அறிவிப்புப் பலகையாகவும் போனது. வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டியது மண்டியபடியே கிடந்தது. மதகடியில் நின்ற பெரியவர் ஒருவர், "பலகையா தண்ணி கொண்டுவரும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் அட்டவணையைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. வேடந்தாங்கல் மக்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்த ஏன் பணம் ஒதுக்கினீர்கள்? பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை எழுதி வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த மடைநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அந்தத் தொகையை வரத்துக்கால்வாய்ப் பராமரிப்புக்கு மாற்றி, செலவு செய்யும் பொறுப்பை ஊராரிடமே கொடுங்கள்.

உங்கள் வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். பறவைகள் இரை தேடுவதோ சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகும் பலருடைய திட்டம் ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது. நீங்கள் நீர் வரும் வழியில் மேலே உள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் ஒவ்வொன்றாகக் குறித்து, அந்தந்த ஊர்ப் பாசனச் சங்கங்களை வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் சமமாகக் கூட்டு விண்ணப்பதாரர் ஆக்கியிருக்கிறீர்கள். இப்படி ஒரு விண்ணப்பத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

அட்டவணையைத் திருத்துங்கள். முதல் தவணை ஏப்ரலில் கைக்கு வர வேண்டும், மூன்று கோடைகளுக்குப் பராமரிப்புத் தொகை வேண்டும் என்று நிபந்தனையாகவே எழுதுங்கள். கொடையாளர் இசைந்தால் பரிந்துரைக் கடிதம் நான் தருகிறேன். இசையாவிட்டால் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்