பதிவு இல்லையென்றால் கல்யாணமே இல்லையா?

கேள்வி: என் மாப்பிள்ளை அமெரிக்கர். அவருடைய முன்னோர் 1780களில் வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி, டேனியல் பூனோடு கென்டக்கிக்குக் குடியேறியவர்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்வார்கள். பேத்தி பள்ளிக்காக வம்சாவளி எழுதுகிறாள். முதலில் குடியேறிய பாட்டனாரின் பெயர் கிடைத்தது. அவர் மனைவியின் பெயரோ கல்யாணப் பதிவோ கிடைக்கவில்லை. ‘கல்யாணமே நடந்திருக்காது’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். எல்லாமே கட்டுக்கதையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.
– க. வி., கோவில்பட்டி

பதில்: கவலையை விடுங்கள் அம்மா. அந்தக் காலத்துக் கென்டக்கியில் ஒரு பெண்ணின் பெயர் ஏட்டில் அகப்படாமல் போவது சர்வ சாதாரணம். அதை வைத்து யாருடைய மானத்தையும் எடைபோட முடியாது. சொன்னவர் எந்த ஏட்டைப் பார்த்துச் சொன்னார் என்று கேளுங்கள். பெரும்பாலும் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கியது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மனைவி மக்கள் எல்லாம் வயதுவாரியாக வெறும் எண்கள். அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் 1850இலிருந்துதான் ஏறியது. கென்டக்கியின் 1790, 1800 ஏடுகளோ தொலைந்தே போயின.

பெற்றோருக்குக் கல்யாணமே நடக்கவில்லை என்ற பழி ஆபிரகாம் லிங்கனுக்கே வந்தது. அவருடைய பெற்றோர் தாமஸ் லிங்கனும் நான்சி ஹாங்க்ஸும் 1806 ஜூன் 12 அன்று கென்டக்கியில் மணந்துகொண்டவர்கள். அவர்கள் குடித்தனம் நடத்திய ஹார்டின் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேடியவர்களுக்குப் பதிவு கிடைக்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பதிவு, மணப்பெண் தங்கியிருந்த வாஷிங்டன் கவுன்ட்டியில் பத்திரமாக இருந்தது. அது வெளிவந்தபோது லிங்கன் உயிரோடு இல்லை.

அங்கும் கல்யாணம் பெண் வீட்டு ஊரில் நடப்பதே வழக்கம். ஆகவே மாப்பிள்ளையை அக்கம்பக்கத்துக் கவுன்ட்டிகளில் தேடச் சொல்லுங்கள். எல்லைகளும் ஓயாமல் மாறின: 1776இல் வர்ஜீனியாவின் கவுன்ட்டிகளில் ஒன்றாக இருந்த கென்டக்கி, 1780இல் மூன்றானது, 1792இல் தனி மாநிலமானது, இன்று அங்கே 120 கவுன்ட்டிகள். வீட்டை விட்டு நகராமலே ஒருவர் பல கவுன்ட்டிக்காரராகியிருக்கலாம்.

கல்யாண ஏட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கல்யாணப் பிணைப்பத்திரம் (திருமணத்துக்குச் சட்டத் தடையில்லை என்று மணமகன் எழுதித்தரும் உறுதி) கிடைத்தால், கூடக் கையெழுத்திட்டவரைக் கவனியுங்கள். பல சமயம் அவர் பெண்ணின் அப்பாவாகவோ அண்ணன் தம்பியாகவோ இருப்பார். நிலக்கிரயப் பத்திரம் இன்னும் நல்லது. கணவன் நிலம் விற்றால் மனைவியைத் தனியே அழைத்து, ‘மனமொப்பித்தான் உரிமையை விடுகிறாயா?’ என்று அதிகாரி விசாரித்து, அவள் பெயரோடு எழுதிவைப்பார்.

பாட்டனார் சுதந்திரப் போரில் சண்டையிட்டவரா என்றும் பாருங்கள். 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயதான போர்வீரர்கள் பிறந்த ஊர், குடியேறிய ஊர்கள், சண்டையிட்ட இடங்கள் எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொல்லி ஓய்வூதியம் கேட்டார்கள். 1836க்குப் பிறகு விதவைகளும் கேட்டார்கள். கல்யாணத்தை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பிறப்பும் மணமும் குறித்துவைத்திருந்த தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அந்தத் தாள்கள் தலைநகர் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் முதலில் இங்கேதான் தேடுவேன்.

வரிப்பட்டியல்களையும் புரட்டுங்கள், அவற்றில் ஆண்டு வாரியாக ஆளைத் தொடரலாம். ஆனால் குதிரைகளின் எண்ணிக்கையோடு அடிமைகளின் எண்ணிக்கைக்கும் அதில் ஒரு பத்தி இருக்கும். பாட்டனார் பெயருக்கு நேரே அதில் எண் இருந்தால், பேத்தியிடம் மறைக்க வேண்டாம். அதுவும் அந்தக் குடும்பத்தின் வரலாறுதான்.

டேனியல் பூன் கதையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1775இல் கம்பர்லாந்து கணவாய் வழியாக அவர் பாதை வெட்டியது உண்மை. அதன் வழியே பின்னால் வந்தவர்கள் ஏராளம். அவர்களின் சந்ததியில் பல குடும்பங்கள் ‘எங்கள் தாத்தா பூனோடு வந்தார்’ என்றே சொல்லும்.

பாட்டியின் பெயர் கிடைக்கும்வரை அந்தக் கட்டத்தில் ‘தேடுகிறோம்’ என்று எழுதச் சொல்லுங்கள். யாரோ தொகுத்த வம்சாவளியிலிருந்து ஆதாரமில்லாத பெயரை எடுத்து நிரப்ப வேண்டாம். பாட்டனார் வாழ்ந்த கவுன்ட்டியின் பெயரையும் தோராயமான ஆண்டையும் எழுதி அனுப்பினால், எந்த ஏட்டிலிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.