அதற்கும் ஒரு வேலை கொடு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹாலில் ஃபேன் சுவிட்ச் மேல் மாப்பிள்ளை டேப் சுற்றி ஒட்டிவிட்டார், உன் மகன் அதைச் சுரண்டிச் சுரண்டி நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்த டேப்பை எடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

7 வயதுப் பையன் நாள் முழுக்க மின்விசிறியைப் பார்க்கிறான், அதைப் பற்றியே பேசுகிறான், யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்காமல் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறான். இதை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறாய். நிறுத்தாதே, மகளே. வீடு முழுவதையும் அதற்கு எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டாம். அந்த ஆசைக்கு ஒரு இடம் ஒதுக்கு, ஒரு நேரம் ஒதுக்கு, முடிந்தவரை ஒரு வேலை கொடு.

எங்கும் இல்லாத அதிசயமாக இருக்கிறதே என்று உன் மாமியார் அங்கலாய்த்தால் அவரிடம் இதைச் சொல். 1943-இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய மருத்துவப் பேச்சு நிலைபெற்றது அதிலிருந்துதான். அதில் முதலில் வருகிற பையன் டொனால்ட், மிசிசிப்பி மாநிலத்துக்காரன். கட்டையோ தட்டோ, கைக்கு எது அகப்பட்டாலும் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது குறுக்கிட்டால் ரகளைதான். படித்தபோது உன் மகன்தான் என் கண்ணில் நின்றான்.

1942-இல் அவனை ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பிறர் வீட்டில் விடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தத் தம்பதியின் சாமர்த்தியத்தை 1945-இல் நேரில் பார்த்த கானரே வியந்து எழுதியிருக்கிறார். எதையும் அளந்துகொண்டே இருந்தவனை அவர்கள் கிணறு தோண்ட வைத்து, எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் பொறுக்கிச் சேர்த்தபோது, நிலத்தில் ஒரு மூலையை அவற்றுக்கு இடுகாடாக ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய அடையாளத்தை நடவைத்தார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். அந்த டொனால்ட் பிற்பாடு கல்லூரியில் படித்து, சொந்த ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023-இல் 89 வயதில் காலமானார்.

நமக்கு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனில் பேச முடியும். உன் மகனைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கவனம் மொத்தமும் ஒன்றிலேயே இறங்கிவிடுகிறது. டைனா மரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் என்ற மூவர் 2005-இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். அப்படி ஆழமாக இறங்கியிருப்பவனைச் சட்டென்று வெளியே இழுத்தால் அவனுக்கு அது வலிதான், அடம் இல்லை. அதனால் "போதும், வா" என்று கையைப் பிடித்து இழுக்காதே. இன்னும் 5 நிமிடம் என்று முன்கூட்டியே சொல். சொன்னால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும். மணல் கடிகாரமோ, முதலில் குளியல், பிறகு ஃபேன் என்று படம் ஒட்டிய அட்டையோ வைத்துக்கொள். சொன்ன 5 நிமிடம் 5 நிமிடமாகவே இருக்கட்டும். உனக்குச் சமையல் முடியவில்லை என்று அதைப் பதினைந்தாக்கினால், அடுத்த நாள் உன் அட்டையை அவன் நம்ப மாட்டான்.

ஆபத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. நாற்காலி மேல் ஏறி இறக்கையைத் தொடுவது, டேபிள் ஃபேன் கூண்டுக்குள் விரலை விடுவது, பிளக் ஓட்டைகளில் எதையாவது குத்துவது, இவற்றுக்கு ஒரே பதில், எந்நாளும் ஒரே பதில். டேபிள் ஃபேனை எடுத்துப் பரணில் போடு. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மாப்பிள்ளையை இன்றே பார்க்கச் சொல்.

இனி வேலை விஷயம். மாதம் ஒரு முறை ஃபேன் துடைக்கிற நாளை அவனுடைய நாளாக்கு. மெயினை அணைத்துவிட்டு அப்பா ஏணியில் ஏறட்டும், இவன் கீழே பழைய வேட்டியை விரித்து, ஒவ்வொரு இறக்கைக்கும் மாட்டித் துடைக்கப் பழைய தலையணை உறையை எடுத்துக் கொடுக்கட்டும். ஒரு நோட்டில், எந்த அறையில் எந்த ஃபேன், எத்தனை மணி நேரம் ஓடியது என்று அவனே குறிக்கட்டும். சாதாரண ஃபேன் 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 18 யூனிட்தான். பெருக்கல் கணக்கு வரவில்லை என்று பள்ளியில் குறைப்படுகிறார்களாமே, இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கச் சொல். நீ இருப்பதோ கோயம்புத்தூர், மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பேர்போன ஊர். தெரிந்த வைண்டிங் கடையாகப் பார்த்து, கிரைண்டர் சத்தம் இல்லாத நேரத்தில் கூட்டிப் போ. செம்புக் கம்பி சுற்றுவதை அவன் பார்க்கட்டும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அநேகமாகக் கன்டென்சர்தான் காரணம் என்று கடைக்காரர் சொல்லுகையில் அவன் முகத்தை நீ பார்.

அவன் நாளைக்கு இன்ஜினியர் ஆகிவிடுவான் என்று கோட்டை கட்ட இதைச் சொல்லவில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம். அடுத்த வருஷம் ஃபேனை விட்டுவிட்டு லிஃப்டைப் பிடித்துக்கொண்டாலும் வியப்பதற்கில்லை. இன்றைக்கு அவனுக்கு மகிழ்ச்சி தருவது இது. அந்தக் காரணமே எனக்குப் போதும். உன் அண்ணனும் இப்படித்தான், தினசரி காலண்டர் மேல் அவனுக்கு உள்ள பிரியம் இந்த வயதிலும் குறையவில்லை. எங்கள் வீட்டுத் திதி, பிறந்தநாள், கேஸ் புக் செய்த தேதி எல்லாம் அவன் பொறுப்பில்தான் நடக்கின்றன.

ரெகுலேட்டரையும் பயன்படுத்து. அதில் 1 முதல் 5 வரை எண் இருக்கிறது. "உள்ளே எத்தனையில ஓடுது?" என்று அவனிடம் கேட்டுப் பழக்கு. கோபம், பயம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை, "நாலு" என்று சொல்லக் கற்றுக்கொள்வான். நாலு என்றால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், ஐந்து வரை காத்திருக்கக் கூடாது.

ஃபேன் பைத்தியம் ஒரு வாரம் வழக்கத்தைவிட அதிகமானால் ஃபேனைக் குறை சொல்லாதே. காதுவலியா, வகுப்பு ஆசிரியர் மாறிவிட்டாரா, பக்கத்தில் கட்டட வேலைச் சத்தமா என்று தேடு. எல்லாம் குழம்புகிறபோது மாறாமல் சுற்றுகிற ஒன்றை அவன் பிடித்துக்கொள்கிறான். பார்க்கும்போது முகம் மலர்ந்திருக்கிறதா என்றும் கவனி. மலர்ச்சி போய், பார்த்தே தீர வேண்டும் என்ற தவிப்பு மட்டும் மிஞ்சி, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் டாக்டரிடம் காட்டத் தயங்காதே.

"சோறு சாப்பிட்டாத்தான் ஃபேன்" என்ற பேரத்தை மட்டும் விட்டுவிடு, மகளே. அவனுக்கு ஆறுதல் தருகிற ஒன்றைப் பணயம் வைத்துக் காரியம் சாதித்தால், சாப்பாடு பயமாகிவிடும். குளித்த பிறகு ஃபேன் என்பது அன்றாட ஒழுங்கு. சாப்பிடாவிட்டால் இன்று முழுக்கக் கிடையாது என்பது தண்டனை. இந்த வித்தியாசம் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

சின்னவளைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. வேர்த்தாலும் அண்ணன் ஃபேனை அணைத்து அணைத்துப் போடுகிறான், அவள் பேசாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். 5 வயதுக் குழந்தை அவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டிய தேவை என்ன? அண்ணனுக்காக விட்டுக்கொடு என்ற பேச்சை வீட்டில் எல்லோரும் குறைத்துக்கொள்ளுங்கள். அவள் படுக்கிற அறையின் ஃபேன் அவளுடையது, அவளைக் கேட்காமல் தொடக் கூடாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சுவிட்ச் தங்கச்சியுடையது, பச்சை உன்னுடையது என்று அவனுக்குக் காட்டு. இப்படித் தெளிவான விதியாகச் சொன்னால் அவன் பிடித்துக்கொள்வான். இரவுச் சாப்பாட்டில் முதலில் அவன் ஃபேன் கதை. கடிகாரத்தில் மணல் தீர்ந்ததும் அவள் பள்ளிக்கூடக் கதை. அவள் பேசுகிறபோது நீ அவளை மட்டும் பார்.

ஆவணியில் நம் வீட்டுக் கல்யாணம் வருகிறது. போன தடவை மண்டபத்தில் அவன் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் பேசியது உன்னை வாட்டியிருக்கிறது. வராமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் வா. முதல் நாள் மாலையே மண்டபம் காலியாக இருக்கும்போது கூட்டி வந்துவிடு. ஒவ்வொரு ஃபேனையும் எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், எது ஓடவில்லை என்று மேனேஜரிடம் அவனே சொல்லட்டும். மேளம் தொடங்குகிற நேரத்தில் நான் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்விடுகிறேன். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீ சின்னவளுக்குப் பூ வைத்து, அவளோடு முதல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா
மதுரை